காட்டு மரங்களின் பிறப்புரிமையியலும் உயர்கல்வியும்

நெற்பயிரை ஆராய்பவருக்கு ஆண்டொன்றில் இரண்டு போகங்கள் கிடைக்கின்றன. காலபோகத்தில் இரு வர்க்கங்களைக் கலந்து பெற்ற நெல்லைச் சிறுபோகத்தில் விதைத்து, அதன் குணங்களை அவர் நேரிற் காணலாம். பத்தாண்டு முயன்றால் இருபது தலைமுறைகளையேனும் பார்த்துவிடலாம். மரத்தை ஆராய்பவருக்கு இவ்வசதி இல்லை. ஒரு மரம் முளைத்து, பூத்து, காய்த்து, தன் பலகையின் தரத்தைக் காட்டுவதற்குள் ஆராய்ச்சியாளரின் உத்தியோக காலமே முடிந்துவிடக்கூடும். இக்காரணத்தினாலேயே காட்டு மரங்களின் பிறப்புரிமையியல், ஏனைய பயிர்களின் பிறப்புரிமையியலினின்றும் பிரித்துக் கற்கப்படும் தனித் துறையாயிற்று. அதனுடன் அண்மைக் காலத்தில் மர உயிர்த்தொழினுட்பவியலும் சேர்ந்துள்ளது. விவசாயத்திலோ தாவரவியலிலோ பட்டம் பெற்றபின் இத்துறையில் மேலும் கற்க விரும்புவோர் எதைக் கற்கின்றனர், அக்கல்வியினால் விளையும் பயன் யாது என்பன இங்கு விளக்கப்படும்.

சிறந்த மரத்தைத் தெரிதல்

காட்டிலே நிற்கும் மரங்களுள் நெடிதாகவும் நேராகவும் வளர்ந்த ஒன்றைக் கண்டால், அதன் வித்தைச் சேகரித்து விதைக்க வேண்டுமென்று எவருக்கும் தோன்றும். ஆயின், அம்மரம் நன்கு வளர்ந்தமைக்குக் காரணம் அதன் பரம்பரையா, அன்றி அது நின்ற மண்ணா என்பதைக் கண்ணால் மட்டும் தீர்மானித்தல் இயலாது. குளக்கட்டின் அருகே ஈரத்தில் நின்ற மரம், மேட்டு நிலத்திற் கற்களிடையே நின்ற மரத்திலும் பருத்திருப்பது இயல்பே. அதன் பிள்ளைகளை மேட்டு நிலத்தில் நட்டால் அவை தாயைப்போல வளரும் என்பதற்கு உறுதியில்லை.

எனவே, தெரிந்தெடுத்த மரம் ஒவ்வொன்றின் வித்துகளையும் வேறு வேறாக முளைக்கவைத்து, அந்நாற்றுகளை ஒரே நிலத்திற் பல பாத்திகளிலே கலந்து நட்டு, ஆண்டுதோறும் அளந்து வருதல் வேண்டும். இதுவே சந்ததிப் பரிசோதனை எனப்படும். மரங்களுக்கிடையே காணப்படும் வேறுபாட்டில் எத்துணைப் பங்கு பரம்பரையால் வந்தது என்பது இப்பரிசோதனையினாற் கணிக்கப்படுகின்றது. ஒரு தோப்பின் சராசரி உயரம் 16 மீற்றர் எனவும், அதிலிருந்து தெரியப்பட்ட மரங்களின் சராசரி உயரம் 20 மீற்றர் எனவும், வேறுபாட்டிற் காற்பங்கே பரம்பரையால் வந்தது எனவும் வைத்துக்கொண்டால், மிகையாகிய 4 மீற்றரில் 1 மீற்றர் மாத்திரமே பிள்ளைகளைச் சேரும். அவற்றின் சராசரி 17 மீற்றராகும். இவ்வொரு மீற்றர் சிறிதாகத் தோன்றலாம். ஆயிரம் ஏக்கரில் நடப்படும்போது அதன் பெறுமதி பெரிது.

வித்து எவ்விடத்திலிருந்து வந்தது என்பதும் முக்கியமானது. ஒரே இன மரத்தின் வித்துகளைப் பல நாடுகளிலிருந்து கொணர்ந்து ஓரிடத்தில் நட்டு ஒப்பிடும் முறையை, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பிரான்சு தேசத்தில் டி வில்மோரன் என்பவர் பைன் மரங்களிற் செய்து காட்டினார். இன்றும் எந்தக் காட்டுத் திட்டத்திற்கும் இதுவே முதற்படியாகும்.

வித்துத் தோட்டம்

பரிசோதனையிற் சிறந்தனவெனக் கண்ட மரங்களின் கிளைகளை ஒட்டுக் கன்றுகளாக்கி, அவை தம்முள்ளேயே மகரந்தச்சேர்க்கை பெறுமாறு தனியிடத்தில் நடுவர். இது வித்துத் தோட்டம் எனப்படும். வெளியிலுள்ள தரங்குறைந்த மரங்களின் மகரந்தம் காற்றாலும் பூச்சிகளாலும் உள்ளே வராதவாறு இடத்தைத் தெரிதல் வேண்டும். தென்னை ஒட்டுதற்கு இடந்தராத மரமாதலால், அங்கு ஒட்டுக் கன்றுகளுக்குப் பதிலாகத் தெரிந்த மரங்களின் பிள்ளைகளே நடப்படும். எனினும் தத்துவம் ஒன்றே. புத்தளம் மாவட்டத்து அம்பகெல்லேயில், ஏனைய தென்னந்தோட்டங்களினின்றும் விலகிய இடத்தில், 1950களில் அமைக்கப்பட்ட தென்னை வித்துத் தோட்டம் இதற்கு இலங்கையிலேயே காணக்கூடிய உதாரணமாகும். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1956இற் புரூசு சோபல் என்பவர் தொடங்கிய கூட்டுறவுத் திட்டம், கம்பனிகளையும் அரசாங்கத்தையும் ஒன்றுசேர்த்து, பைன் மரங்களுக்கு இத்தகைய தோட்டங்களைப் பெருமளவில் உண்டாக்கியது. அத்திட்டத்திற் பணிசெய்துகொண்டே பட்டப்பின் கல்வி கற்றோர் பலர்.

ஒரு மரத்தின் அழிவு

இத்துறையின் வலிமையையும் வரம்பையும் ஒருங்கே அறிதற்கு அமெரிக்கச் செஸ்நட் மரத்தின் வரலாறு ஏற்றது. ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், அப்பலேச்சிய மலைத்தொடர் நெடுகிலும் இம்மரம் செறிந்து நின்றது. 300 கோடி முதல் 400 கோடி மரங்கள் வரை இருந்தனவென மதிப்பிடுவர். இதன் கொட்டை மக்களுக்கும் பன்றிகளுக்கும் காட்டு விலங்குகளுக்கும் உணவாயிற்று. எளிதில் உக்காத இதன் மரம் வேலிக்கும் வீட்டிற்கும் புகையிரதப் பாதைக்கும் பயன்பட்டது. பட்டையும் மரமும் தோல் பதனிடுதற்கு உதவின.

1904ஆம் ஆண்டில் நியூயோர்க்கு நகரின் விலங்கினக் காட்சிச்சாலையில் நின்ற செஸ்நட் மரங்களின் பட்டையில் நோய் ஒன்று காணப்பட்டது. ஆசியாவிலிருந்து இறக்குமதி செய்யப்பட்ட செஸ்நட் கன்றுகளுடன் வந்த கிரிப்போனெக்திரியா பரசித்திக்கா என்னும் பங்கசே அதற்குக் காரணம். இப்பங்கசு பட்டையிலுள்ள காயத்தினூடாகப் புகுந்து, ஒட்சாலிக்கு அமிலத்தைச் சுரந்து மாறிழையத்தைக் கொல்லும். தண்டைச் சுற்றி மாறிழையம் இறந்ததும் மேற்பகுதி முழுவதும் பட்டுப்போகும். நோய் மலையிலிருந்து மலைக்குப் பரவி, சுமார் ஐம்பது ஆண்டுகளில் மரத்தின் இயற்கை வாழிடம் முழுவதையும் கவர்ந்துகொண்டது. மண்ணினுள்ளே இருக்கும் வேர் மாத்திரம் இறப்பதில்லை. அதிலிருந்து இன்றும் தளிர்கள் எழுகின்றன. ஆயின் அவற்றுட் பெரும்பாலானவை பூக்கும் பருவம் எய்துமுன் மீண்டும் நோயால் மடிகின்றன. மரம் முற்றாக அழியவில்லை. காடாக வாழும் ஆற்றலையே இழந்தது.

பின்கலப்பு முறை

சீனச் செஸ்நட் மரம் இந்நோயைத் தாங்கவல்லது. ஆயின் அது பழத்தோட்ட மரத்தைப்போலத் தாழ்ந்து கிளைப்பது. காட்டில் நெடுமரங்களோடு போட்டியிட மாட்டாது. சீன மரத்தின் எதிர்ப்பாற்றலை அமெரிக்க மரத்தின் உருவத்தோடு சேர்ப்பதே முயற்சியாயிற்று. முதலிற் செய்யப்பட்ட அரசாங்கக் கலப்புத் திட்டங்கள் 1960களிற் கைவிடப்பட்டன. சோளப் பயிரின் பிறப்புரிமையியலிற் புகழ்பெற்ற சாள்சு பேணம் என்பவர், 1980களின் தொடக்கத்திற் பின்கலப்பு முறையை இம்மரத்திற்கும் கையாளலாமெனக் கூறினார். 1983இல் அமெரிக்கச் செஸ்நட் நிறுவனம் அமைந்தது. 1989இல் வேர்சீனியா மாநிலத்து மெடோவியூ என்னுமிடத்தில் அதன் ஆராய்ச்சிப் பண்ணை தொடங்கியது.

முறை விளங்கிக்கொள்ள எளிது. முதற் கலப்பிற் பிறந்த மரம் பாதி அமெரிக்கம், பாதி சீனம். அதனை மீண்டும் அமெரிக்க மரத்தோடு கலந்தால் நாலில் மூன்று பங்கும், மறுபடி கலந்தால் எட்டில் ஏழு பங்கும், மூன்றாம் முறை கலந்தாற் பதினாறிற் பதினைந்து பங்கும் அமெரிக்கமாகும். ஒவ்வொரு தலைமுறையிலும் நாற்றுகளுக்கு வேண்டுமென்றே நோயைத் தொற்றவைத்து, தாங்கியவற்றை மாத்திரம் அடுத்த கலப்பிற்குக் கொள்வர். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆண்டுகள் பல தேவையாயின.

எதிர்ப்பாற்றல் இரண்டு மூன்று பரம்பரையலகுகளினால் வருவது என்னும் கருத்தின்மீதே இத்திட்டம் அமைந்திருந்தது. பல்லாயிரம் மரங்களின் பரம்பரைப் பொருளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தபோது, அது பல நிறமூர்த்தங்களிற் சிதறிக் கிடக்கும் பல அலகுகளின் கூட்டு விளைவெனத் தெரியவந்தது. எனவே அமெரிக்கப் பங்கு கூடக்கூட எதிர்ப்பாற்றல் குறைந்தது. பெற்ற மரங்கள் பயனற்றவையல்ல; அவற்றிற் பல இடைநிலை எதிர்ப்புடையவை. ஆயினும் எதிர்பார்த்த அளவு கிட்டவில்லை. ஒரு குணம் சில அலகுகளால் ஆளப்படுவதா பலவற்றால் ஆளப்படுவதா என்பதை முன்னரே அறிதல் எத்துணை அவசியம் என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பரம்பரையலகைப் புகுத்தல்

இதற்கு இணையாக வேறொரு வழியும் மேற்கொள்ளப்பட்டது. நியூயோர்க்கு மாநிலத்தின் சிரக்கியூசு நகரிலுள்ள சுற்றாடல் விஞ்ஞானக் காட்டியற் கல்லூரியில் வில்லியம் பவல், சாள்சு மேனாட் ஆகியோரும் அவர்தம் மாணாக்கரும், கோதுமையிலுள்ள ஒரு பரம்பரையலகைச் செஸ்நட் மரத்திற் புகுத்த முயன்றனர். ஒட்சலேற்று ஒட்சிடேசு என்னும் நொதியத்தை ஆக்கும் அவ்வலகு, பங்கசு சுரக்கும் அமிலத்தைக் காபனீரொட்சைட்டாகவும் ஐதரசன் பேரொட்சைட்டாகவும் உடைத்துவிடும். பங்கசு கொல்லப்படுவதில்லை, அதன் ஆயுதமே பறிக்கப்படுகின்றது.

மண்ணில் இயற்கையாக வாழும் அகுரோபற்றீரியம் என்னும் பற்றீரியா, தன் பரம்பரைப் பொருளின் ஒரு பகுதியைத் தாவரக் கலத்திற் செலுத்தவல்லது. ஆராய்ச்சியாளர் அதனையே வாகனமாகக் கொள்கின்றனர். செஸ்நட்டின் இளங்கொட்டையிலிருந்து எடுத்த முளையக் கலங்களை நுண்ணுயிரற்ற கண்ணாடிக் கலன்களிற் பெருக்கி, அவற்றிற் பற்றீரியாவினால் அலகைப் புகுத்தி, அக்கலங்களிலிருந்து முழுக் கன்றை எழுப்புதல் வேண்டும். தளிர் விட்ட கன்று வேர்விட மறுக்கும். வேர்விட்டது மண்ணுக்கு மாற்றியதும் வாடும். இத்தடைகளைக் கடப்பதற்கே ஆண்டுகள் பல சென்றன. 2006இல் முதன்முதலாகப் பரம்பரையலகு புகுத்திய கன்றுகள் வயலில் நடப்பட்டன. நன்கு அமைந்த ஒரு வழிக்குத் தார்லிங் 58 எனப் பெயரிட்டு, அதனைப் பொதுமக்களுக்கு விநியோகிக்க அனுமதி வேண்டி 2020இல் விவசாயத் திணைக்களத்திற்கு விண்ணப்பித்தனர்.

அடையாளம் மாறிய செய்தி

2023இன் பிற்பகுதியில் எதிர்பாராத செய்தி ஒன்று வெளியாயிற்று. பல ஆண்டுகளாகத் தார்லிங் 58 எனக் கருதி வயல்களிற் பரிசோதிக்கப்பட்டு வந்த மரங்கள் உண்மையில் தார்லிங் 54 என்னும் வேறு வழியைச் சேர்ந்தவை என்பது பரம்பரைப் பொருட் பரிசோதனையாற் புலனாயிற்று. இரண்டிலும் புகுத்தப்பட்ட அலகு ஒன்றே. அது சென்று அமர்ந்த இடம் வேறு. தார்லிங் 54இல் அது வேறொரு நிறமூர்த்தத்தில், மரத்தின் சொந்தப் பரம்பரையலகு ஒன்றினுள்ளே அமர்ந்திருந்தது. இத்தவற்றையும் மரங்களின் வளர்ச்சி ஒருசீராக இல்லாமையையும் கருதி, அமெரிக்கச் செஸ்நட் நிறுவனம் 2023 டிசம்பரில் அம்மரங்களுக்கு அளித்துவந்த ஆதரவை விலக்கிக்கொண்டது. கல்லூரி தன் முயற்சியைக் கைவிடவில்லை. முப்பதாண்டுகளுக்கு மேல் இதற்கென உழைத்த பவல் அதற்கு முந்திய மாதம், 2023 நவம்பரில், காலமானார்.

நாற்றுமேடையிற் பணிபுரியும் எவருக்கும் இதன் பொருள் விளங்கும். நெல்லில் ஓர் அடையாளச் சீட்டு மாறினால் அடுத்த போகத்திலே திருத்திக்கொள்ளலாம். மரத்திற் சீட்டு மாறினால் ஒருவரது வாழ்நாளுழைப்பே திசைமாறிவிடும். ஒவ்வொரு தலைமுறையிலும் மரத்தின் இலையை ஆய்வுசாலைக்கு அனுப்பி அதன் அடையாளத்தை உறுதிப்படுத்தும் வழக்கம் இத்துறை மாணாக்கர்க்கு முதலிற் கற்பிக்கப்பட வேண்டியதாகும்.

இலங்கையின் மரங்கள்

செஸ்நட்டின் கதை தூரத்துச் செய்தியன்று. 1876இல் ஹென்றி விக்கம் பிறேசிலில் இருந்து இங்கிலாந்தின் கியூ தோட்டத்திற்குச் சுமார் 70,000 இறப்பர் வித்துகளைக் கொண்டுசென்றார். அவற்றுள் முளைத்தவை மிகச் சிலவே. அம்முளைகளிற் சுமார் 1,900 கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. ஆசியாவிற் பரந்து கிடக்கும் இறப்பர்த் தோட்டங்களிற் பெரும்பாலானவை அச்சிறு தொகுதியின் வழிவந்தவையாகும். எனவே அவற்றின் பரம்பரை வேறுபாடு மிகக் குறுகியது. தென்னமெரிக்காவில் இறப்பர்ச் செய்கையையே முடக்கிய இலை வெளிறல் நோய் இன்னும் ஆசியாவை அடையவில்லை. அடையுமாயின், ஒரே குடும்பத்து மரங்கள் ஒன்றுபோலவே பாதிக்கப்படக்கூடும். இதனைக் கருதியே 1981இற் பல நாடுகள் சேர்ந்து அமேசன் காட்டிற் புதிய வித்துகளைத் திரட்டின. அவ்வித்துகளின் வழிவந்த மரங்களிற் பயனுள்ள குணங்களைத் தேடுதல் இன்றைய மாணாக்கர் செய்யவேண்டிய பணிகளுள் ஒன்று.

வட பகுதியின் பனையும் இத்துறையை வேண்டி நிற்கின்றது. பனை ஆணா பெண்ணா என்பது அது பூக்கும்வரை தெரியாது. பூப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ செல்லும். பனைக்குப் பக்கக் கன்றும் இல்லை. ஒட்டுதற்குக் கிளையும் இல்லை. ஆகவே இனிய பழமுடைய பனையையோ, மிகுதியாகப் பதநீர் தரும் பனையையோ அதே குணத்தோடு பெருக்கக் கமக்காரருக்கு வழியில்லை. வடலியின் ஓலைத் துண்டொன்றைக் கொண்டே ஆண் பெண் பேதத்தை நம்பத்தக்க முறையில், குறைந்த செலவில் அறிந்து கூறுதலும், இழைய வளர்ப்பினாற் பனையைப் பெருக்குதலும் கைகூடுமாயின், ஒரு கமக்காரர் தாம் நடும் பனையின் பயனைத் தம் காலத்திலேயே திட்டமிட்டுக் கொள்ளலாம்.

கற்கும் பாடங்கள்

இத்துறையிற் பட்டப்பின் கல்வி பொதுவாக இரு படிகளையுடையது. விஞ்ஞான முதுமாணிக்குச் சுமார் இரண்டு ஆண்டுகளும், கலாநிதிப் பட்டத்திற்கு அதன்மேல் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளும் செல்லும். பிறப்புரிமையியல், புள்ளிவிபரவியல், மூலக்கூற்று உயிரியல், இழைய வளர்ப்பு, தாவர நோயியல், காட்டுச் சூழலியல் என்பன அடிப்படைப் பாடங்கள். இன்று கணினிப் பயிற்சியும் இன்றியமையாததாயிற்று. 2006இற் பொப்லர் மரத்தின் முழுப் பரம்பரைத் தொகுதி வாசிக்கப்பட்டது. மரங்களுள் அதுவே முதலாவது. 2013இற் சுவீடனின் உமேயோ நகர ஆராய்ச்சியாளர் முன்னின்று வாசித்த ஸ்புரூசு மரத்தின் தொகுதி ஏறக்குறைய 2,000 கோடி எழுத்துகளையுடையது. இது மனிதனுடையதைப்போல ஏழு மடங்காகும். இத்தகைய தொகுதியைக் கையாற் கணித்தல் இயலாது.

இவ்வறிவினால் விளைந்த முக்கிய பயன் காலச் சுருக்கமாகும். அளந்தறிந்த சில ஆயிரம் மரங்களின் குணங்களையும் அவற்றின் பரம்பரை அடையாளங்களையும் பொருத்திப் பார்த்து, புதிய நாற்றின் எதிர்காலத்தை அதன் இலையிலிருந்தே மதிப்பிடும் முறை இப்போது கையாளப்படுகின்றது. பல ஆண்டு காத்திருப்பு இதனாற் குறையும். ஆயினும் மதிப்பீடு சரியா என்பதை ஈற்றில் வயலே கூறும்.

வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம், கனடாவின் பிரித்தானிய கொலம்பியாப் பல்கலைக்கழகம், சுவீடனின் உமேயோ, தென்னாபிரிக்காவின் பிரித்தோரியாப் பல்கலைக்கழகம் என்பன இத்துறையிற் பெயர்பெற்றவை. அண்மையிலுள்ளது தமிழ்நாட்டின் கோயம்புத்தூரில் அமைந்த காட்டு மரப் பிறப்புரிமையியல் நிறுவனமாகும். சவுக்கு, யூக்கலிப்டசு முதலிய மரங்களில் அந்நிறுவனம் செய்த ஆராய்ச்சி வெப்பநாடுகளுக்கு நேரே பொருந்துவது. இலங்கையிற் பேராதனையிலுள்ள விவசாயப் பட்டப்பின் கல்வி நிறுவனத்தில் இதற்கு வேண்டிய அடிப்படைப் பாடங்களைக் கற்கலாம்.

மாணாக்கரும் பெற்றோரும் கவனிக்க வேண்டியவை

1. உயர்தர வகுப்பில் உயிரியலுடன் இரசாயனவியலையும் நன்கு கற்றல் வேண்டும். கணிதத்தை விட்டுவிடலாகாது, மர ஆராய்ச்சியிற் பாதி கணக்கே.

2. ஆய்வுசாலைப் பயிற்சி மாத்திரம் போதாது. ஒட்டுதல், பதிவைத்தல், நாற்றுமேடை பேணல், மரம் அளத்தல் ஆகியவற்றைக் கைப்பழக்கமாகக் கொள்ளல் வேண்டும். பண்ணைப் பாடசாலையிற் பயின்றோர்க்கு இது இயல்பாகவே வாய்த்திருக்கும்.

3. மேற்படிப்புக்கு இடந்தேடும்போது, நிறுவனத்தின் பெயரைவிட, அங்கு நெடுங்காலப் பரிசோதனை வயல்கள் உளவா என்பதை முதலில் விசாரித்தல் நன்று. இருபதாண்டு வளர்ந்த மரங்களை எந்த மாணாக்கராலும் இரண்டு ஆண்டிற் புதிதாக உண்டாக்க முடியாது.

4. உதவிச் சம்பளம் எத்தனை ஆண்டுகளுக்கு உண்டு, ஆராய்ச்சி நீண்டால் யாது செய்வது என்பவற்றை முன்னரே எழுத்தில் அறிந்துகொள்ளல் வேண்டும்.

5. குறிப்பேட்டை நாள்தோறும் எழுதுதல், ஒவ்வொரு மரத்திற்கும் அழியாத இலக்கத் தகடு கட்டுதல், அதன் நிலைய வரைபடத்தை இரண்டு பிரதிகளாக வைத்தல் என்பன இத்துறையின் ஒழுக்கமாகும். அப்பதிவுகளைப் பயன்படுத்தப்போகின்றவர் பெரும்பாலும் அவற்றை எழுதியவர் அல்லர். அவருக்குப் பின் வருபவரே.

6. பழைய காட்டு மரங்களை, பயனற்றவையெனத் தோன்றினும், வெட்டுமுன் சிந்தித்தல் வேண்டும். நாளைக்கு வேண்டப்படும் எதிர்ப்பாற்றல் இன்று யாரும் கவனியாத மரமொன்றில் இருக்கக்கூடும்.

இத்துறையிற் புகுவோர் விரைவிற் புகழையோ பெரும் பொருளையோ எதிர்பார்த்தல் தகாது. ஒருவர் தெரிந்த மரத்தை மற்றொருவர் கலந்து, வேறொருவர் நட்டு, இன்னொருவர் அறுவடை செய்வதே இதன் இயல்பு. ஆயினும் வீட்டு முற்றத்தின் தென்னையும் வேலியோரத்துப் பனையும் இவ்வாறு பலர் கைமாறி வந்தவையே. அவற்றை முன்னையோர் கண்ணால் மதித்துத் தெரிந்தனர். இக்காலத்து மாணாக்கர் அறிந்து தெரிதல் கூடும். தம் பிள்ளைகளுள் மரஞ்செடிகளில் நாட்டமுடையோரைக் காணும் கமக்காரர், அந்நாட்டத்தை வீண்பொழுதெனத் தள்ளாது, இவ்வழியிற் செலுத்துதல் அவர்களுக்கும் நாட்டிற்கும் நன்மையாகும்.